தேரை இழுத்துத் தெருவில் விட்டோர்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

‘தேரை இழுத்துத் தெருவில் விட்டாற்போல’ என்பது நம்மவர் பழமொழி. தொடங்கிய காரியத்தை முடிக்காமல் பாதியில் கைவிடுவோரைப் பார்த்துச் சொல்வது. திருவிழாவன்று தேர் தெருவில் நிற்பது அழகு. விழா முடிந்தும் அது நிலைக்கு வந்து சேராவிட்டால் ஊருக்கே கவலை, போக்குவரத்துக்கு வழியில்லை, வடம் பிடித்தவர்களுக்கு நிம்மதியான உறக்கமும் இல்லை. இன்று நம் தெருக்களிலே நிலைக்கு வராத தேர்கள் எத்தனையோ நிற்கின்றன. ஆனால் அவற்றால் யாருடைய உறக்கமும் கெட்டதாகத் தெரியவில்லை. அந்த வியப்பே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

முல்லைக்கொடி படர்வதற்குத் தன் தேரையே விட்டுச் சென்றான் பறம்புமலைப் பாரி என்று முதலாண்டுத் தமிழ் வகுப்பிலே படித்தோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு நாள் காலாற நடந்து பாருங்கள். பாரியின் வழித்தோன்றல்கள் இங்கே பெருகிவிட்டார்களோ என்ற ஐயம் எழும். முல்லையின் பெயரையே தாங்கிய திருமுல்லைவாயிலும் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. தொண்டைமான் மன்னனின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது என்பது அவ்வூர்த் தலவரலாறு. இன்று இப்பக்கத்துத் தெருவோரங்களில் சக்கரத்தைச் சுற்றிக் கிடப்பது முல்லையன்று, வேலிப்பருத்தியும் முடக்கத்தானும்தான். காற்றிறங்கிய சக்கரம், கண்ணாடி உடைந்த கதவு, இருக்கையின் மேல் குட்டி போட்ட நாய், கூரையின் மேல் காயும் துணி. இப்படி ஒரு காரையோ வேனையோ பார்க்காமல் கல்லூரிக்கு வந்து சேரும் மாணவர் நம்மில் எத்தனை பேர்?

இது ஒரு சிறிய தொல்லை, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கைவிடப்பட்ட வண்டி சிறிய தொல்லைதான் என்று நானும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் பற்றி ஓர் அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பாருங்கள். நம் ஆட்சி முறையின் பெரிய குறை ஒன்று அப்போது வெளிப்படும். அக்குறையைச் சொல்வதே என் நோக்கம்.

வண்டி பிறக்கும் ஊர்

நம் வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. வண்டிகளைப் பெற்றெடுத்த ஊர்கள் இவை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலே மிதிவண்டி செய்தது. ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள், நாடெங்கும் ஓடும் கார்களுக்கும் லாரிகளுக்கும் உதிரி பாகங்கள் செய்து அனுப்பின. நம் கல்லூரி மாணவர் பலருடைய தந்தையர் அப்பட்டறைகளில் லேத்து ஓட்டியே நம்மைப் படிக்க வைத்தவர்கள்.

வண்டியைப் பெற்றெடுக்கத் தெரிந்த ஊருக்கு அதை அடக்கம் செய்யத் தெரியவில்லை. மனிதனுக்குப் பிறப்புப் பதிவும் உண்டு, இறப்புப் பதிவும் உண்டு. வண்டிக்குப் பிறப்புப் பதிவை மட்டும் ஆரவாரமாகச் செய்கிறோம். எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, எண்பலகைக்குச் சந்தனம் வைத்து வரவேற்கிறோம். அதன் இறப்பைப் பதிவு செய்வார் இல்லை.

இத்தனைக்கும் சட்டம் இதைக் கேட்கிறது. ஒரு வண்டி அழிந்துபோனாலோ, இனி எந்நாளும் ஓடாது என்ற நிலைக்கு வந்தாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள், அல்லது கூடிய விரைவில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. அப்படி ஒரு பிரிவு இருப்பதை என் நண்பர்கள் இருபது பேரிடம் கேட்டேன். அறிந்தவர் ஒருவரும் இல்லை.

கேடுகள் சில

தெருவை அடைத்துக்கொள்கிறது என்பது எல்லோரும் அறிந்த கேடு. ஆம்புலன்சும் தண்ணீர் லாரியும் திரும்ப முடியாத முனைகளைக் காண்கிறோம். அறியாத கேடுகளும் உண்டு.

முதலாவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கிய தெளிந்த நீரையே நாடுகிறது. கைவிட்ட வண்டியின் டயர்க் குழிவும், நசுங்கிய கூரையும், திறந்த டிக்கியும் அதற்கு மழைக்கால மாளிகைகள். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பழைய டயருக்குள் இருக்கும் சிறிது நீர் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. ஆசியாவின் புலிக்கொசு 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குடியேறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கப்பலில் சென்ற பழைய டயர்களே அதற்கு வாகனமாயின என்பது ஆய்வாளர் முடிவு.

இரண்டாவது வடிகால். நம் பகுதியில் மழைநீர்க் கால்வாயின் மூடி பெரும்பாலும் சாலையோரத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் வண்டி நின்றுவிட்டால் தூர் வாருவோர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தெருக்கள் நீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. வெள்ளத்துக்கு ஏரிகளின் கதையே பெரிய காரணம். என்றாலும் தெருவில் நீர் வடியும் வாயை அடைப்பது அறிவுடைமையாகாது. இதில் ஒரு விந்தையும் உண்டு: வெள்ளம் வண்டியைக் கெடுக்கிறது, கெட்ட வண்டி தெருவிலே நிற்கிறது, நின்ற வண்டி அடுத்த வெள்ளத்துக்கு வழி செய்கிறது.

மூன்றாவது, சொல்லவே நா கூசுகிறது. 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த ஒரு காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தனர். வெயிலில் மூடிக் கிடக்கும் கார் ஓர் அடுப்பு. பெரியவர்கள் கண்ணுக்குப் பழைய இரும்பாகத் தெரிவது குழந்தைகள் கண்ணுக்கு விளையாட்டு வீடு. இந்த ஒரு காரணத்துக்காகவேனும் பூட்டாமல் கிடக்கும் வண்டியைக் கண்டும் காணாததுபோல் போகக் கூடாது என்பேன்.

ஏன் விடுகிறார்கள்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நம் நகரம் எதையும் வீணாக்காத நகரம். பழைய பேப்பர்க்காரர் வீடு தேடி வருகிறார். புதுப்பேட்டையில் காரின் கதவு, விளக்கு, கியர்ப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. இரும்புக்கு விலை இருக்கும்போது முழு வண்டியை ஏன் தெருவில் விட வேண்டும்?

இங்கிலாந்திலே இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டி அங்கே பழைய இரும்பின் விலை வீழ்ந்தது. வண்டியை உடைக்கக் கொடுப்பவரே காசும் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. தெருவில் விடப்படும் கார்கள் பெருகின. விலை ஏறியபோது அவை குறைந்தன. இதற்கெல்லாம் முன்பே, 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைவிட்ட வண்டியை அகற்றுவது உள்ளாட்சி மன்றத்தின் கடமை என்று அங்கே வரையறுத்திருந்தது. ஜப்பானோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. 2005 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டப்படி, காரை வாங்கும்போதே அதன் ஈமச் செலவையும், அதாவது உடைத்துப் பிரிக்கும் கட்டணத்தையும், வாங்குபவர் கட்டிவிட வேண்டும்.

நம் நாட்டு விடை வேறு. இங்கே வண்டியைத் தெருவில் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் இரும்பு விலையன்று, காகிதம். கடன் முடியாத வண்டி, கடன் முடிந்தும் பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் நீங்காத வண்டி, தகுதிச் சான்று காலாவதியான வண்டி, வரி பாக்கி வண்டி, கைமாறியும் பெயர் மாறாத வண்டி, அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் அகப்பட்ட வண்டி, உரிமையாளர் மறைந்துபோன வண்டி. இவற்றை நேர்மையாக விற்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. வண்டியின் எஞ்சின் நிற்பதற்கு முன்பே அதன் காகிதம் நின்றுவிடுகிறது.

எங்கள் தெரு முனைக் கதை

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. இவ்வட்டாரத்தில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில், நாம் ‘குட்டியானை’ என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. முதலில் அதன் கீழே பூனை. பிறகு அதன் மேலே குப்பை. பிறகு அதன் பின்னே இரவு நேரத்தில் சீசாக்கள். தெருப் பெரியவர்கள் கையொப்பமிட்ட மனுவை எடுத்துக்கொண்டு நானும் நண்பன் ஒருவனும் புறப்பட்டோம். எந்தெந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை.

முதல் அலுவலகத்தில், “குப்பை என்றால் அள்ளுவோம், தம்பி. எண்பலகை உள்ள வண்டியைத் தொட எங்களுக்கு அதிகாரமில்லை. போலீசில் சொல்லுங்கள்” என்றார்கள். இரண்டாம் அலுவலகத்தில், “திருட்டு வண்டியா? இல்லை. விபத்து வண்டியா? அதுவும் இல்லை. பிறகு எங்களிடம் ஏன் வந்தீர்கள்?” என்றார்கள். மூன்றாம் அலுவலகத்தில் இருந்தவர் மிகவும் மரியாதையானவர். தேநீர் கூட வரவழைத்தார். “சாலை எங்களுடையது. அதன் மேல் நிற்பது எங்களுடையதன்று” என்று தத்துவம் சொல்லி அனுப்பிவிட்டார். மூவரில் ஒருவரும் எங்களை ஏசவில்லை, விரட்டவில்லை. மூவரும் அவரவர் அளவில் நியாயமே பேசினார்கள். வண்டி மட்டும் அங்கேயே நின்றது.

கடைசியில் அதை அசைத்தது வேறொன்று. மனுவுக்கு ஆதரவு தேடி அடுத்த தெருவில் நாங்கள் கதவைத் தட்டியபோது, அது யாருடைய வண்டி என்று தெரியவந்தது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோன ஒருவருடையது. அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு அங்கேயே இருக்கிறார். சில தவணைகள் பாக்கி. பதிவுப் புத்தகம் கணவர் பெயரில். வாரிசுச் சான்று வாங்கவில்லை. “அதைப் பார்க்க மனசு வரலைப்பா. அதனாலதான் நான் அந்தப் பக்கமே வராம மார்க்கெட் வழியா சுத்திப் போறேன்” என்றார் அந்த அம்மா.

நாங்கள் ‘யாரோ பொறுப்பற்றவர்’ என்று மனுவில் எழுதியிருந்தோம். அந்தப் ‘பொறுப்பற்றவர்’ ஒவ்வொரு நாளும் அரைக் கிலோமீட்டர் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. கடன் தீர்ந்தால் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கப் படிவம் 35. இவற்றை அந்த அம்மாவுக்குச் சொன்னவர் யாரும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கும் பெரியவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். தாமதத்துக்கான கட்டணத்தோடு காகிதங்கள் சரியாயின. வண்டி விலை போயிற்று. பாக்கிக் கடனைக் கட்டிய பின் கையிலும் சிறிது மிஞ்சியது.

இந்நிகழ்ச்சி எனக்கு ஓர் உண்மையை விளக்கியது. கைவிட்ட வண்டியைப் பற்றிப் புகார் செய்வது என்றால், இரும்பைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் புகாரின் வேலை, வண்டிக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் கண்டுபிடிப்பது. அவர் வேண்டுமென்றே விட்டவராயின் அபராதம். வழியறியாமல் விட்டவராயின் உதவி. கிரேன் அனுப்புவது கடைசிப் படி. நம் அலுவலகங்களிலோ முதற்படியைச் செய்வாரும் இல்லை. கடைசிப் படியைச் செய்வாரும் இல்லை.

சட்டம் உண்டு, எல்லை பல உண்டு

சட்டம் இல்லாமையால் இந்நிலை என்று யாரும் சொல்ல முடியாது. பொது இடத்தில் ஒரு வண்டி 10 மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டு நின்றால், அதை இழுத்துச் செல்ல உத்தரவிடும் அதிகாரம் அப்பகுதிக் காவல் அதிகாரிக்கு உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு கூறுகிறது. உடைந்ததும் எரிந்ததும் பாதி பிரிக்கப்பட்டதுமான வண்டி போக்குவரத்துக்கு அபாயமாக நின்றால் உடனே அகற்றச் சொல்லலாம். செலவு உரிமையாளர் தலையில். பிறருக்கு இடையூறாக வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது 122-ஆவது பிரிவு. பத்து மணி நேரம் எங்கே, எங்கள் தெருவின் இரண்டு ஆண்டுகள் எங்கே!

பிறகு தடை எங்கே இருக்கிறது? நம் வட்டாரத்தின் எல்லைக் கோடுகளைப் பாருங்கள். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வருவாய்த் துறைக் கணக்கில் அது திருவள்ளூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாவட்டத்துக்கு வந்தது 2018-இல். 2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது அம்பத்தூர்க் காவல் நிலையம் அதன் கீழ்ச் சென்றது. ஆகவே அம்பத்தூரில் குப்பை அள்ளுவோர் சென்னைக்காரர். காவல் காப்போர் ஆவடிக்காரர். ஆவடியோ 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சியாக வளர்ந்த ஊர். அதன் காவல் நிலையமும் ஆவடி ஆணையரகத்தில்தான். பதிவு அலுவலகமும் ஊருக்கு ஊர் வேறு: அம்பத்தூர் வண்டிக்கு டி.என்.13, பூந்தமல்லி வண்டிக்கு டி.என்.12. இவற்றோடு பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். தொழிற்பேட்டை இன்னொரு நிறுவனத்திடம். ரயில் நிலைய வளாகம் ரயில்வேயிடம். ஒரே வண்டி பத்தடி நகர்ந்து நின்றால் அதன் எசமானர்கள் மாறிவிடுகிறார்கள்.

கோடுகள் ஆட்சிக்குத் தேவை. அவற்றை அழிக்கச் சொல்லவில்லை. கோட்டைக் கடந்து மனுவைக் கொண்டு போகும் வேலை குடிமகனுடையது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள். ஒருவர் தவறான அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டால், அந்த அலுவலகமே அதை ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். ‘எங்களுடையதன்று’ என்று திருப்பி அனுப்ப இடமில்லை. என்னே எளிய விதி! தகவல் கேட்பவனுக்கு உள்ள இந்த உரிமை, தகவல் கொடுப்பவனுக்கு ஏன் கூடாது? அரசிடம் ஒன்றைக் கேட்பவனைவிட, அரசுக்கு ஒன்றைச் சொல்ல வருபவன் தாழ்ந்தவனா? கைவிட்ட வண்டி பற்றிய மனுவை எந்த அலுவலகம் பெற்றாலும், அதுவே உரிய இடத்துக்கு அனுப்பி, மனுதாரருக்கு எண் கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசாணை வந்தால் போதும். இதுவே இக்கட்டுரையின் முதற் கோரிக்கை. முடிவான கோரிக்கையும் இதுதான்.

அரசின் வாசலில் நிற்பவை

ஊருக்கு உபதேசம் சொல்லும் அரசு தன் வாசலையும் பார்க்க வேண்டும். காவல் நிலையங்களின் மதிற்சுவரோரம் வழக்கு வண்டிகள் துருப்பிடித்துக் கிடப்பது தமிழகமெங்கும் காணும் காட்சி. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: கைப்பற்றிய வண்டிகளை நெடுங்காலம் நிலையத்தில் வைத்திருப்பதில் பயனில்லை; படம் எடுத்து, உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள்; கேட்பாரற்றதை ஏலம் விடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவு இன்னும் கண்டிப்பானது. பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாட்களுக்குள் விவரப் பட்டியல். படமும் வீடியோவும் எடுத்த பின், பட்டியல் தயாரான 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வதென்ற உத்தரவு. இந்த விதி முழுமையாக நடந்தால் நம் வட்டாரத்தில் சாலையோரங்கள் பல விடுதலை பெறும்.

அகற்றிய வண்டி எங்கே போகும் என்பதும் கேள்வி. ஒரு தெருவிலிருந்து தூக்கி மற்றொரு திடலில் போட்டால் கொசு இடம் மாறும்; அவ்வளவுதான். 2021-இல் மத்திய அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்கு விதிகள் வகுத்தது. அங்கே வண்டியை ஒப்படைப்பவருக்கு ஒரு சான்று கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையிலும், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையிலும் மாநிலங்கள் வரிச் சலுகை தரலாம் என்றும் அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் புது வண்டி வாங்குவோருக்குத்தான் அது இனிக்கும். எங்கள் தெரு அம்மாவைப் போன்றவருக்குச் சலுகை வேண்டாம். ஒரு மேசை வேண்டும். வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், கடன் நீக்கம், பதிவு ரத்து ஆகிய நான்கையும் ஓரிடத்தில் எழுதிக் கொடுக்கும் மேசை, மாதம் ஒரு நாளாவது, ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் இருந்தால் பாதி வண்டிகள் கிரேன் வராமலே தெருவை விட்டு நீங்கும்.

ஓர் எச்சரிக்கை

புகார் என்பது கூரிய கத்தி. காய் நறுக்கவும் ஆகும்; கையை அறுக்கவும் ஆகும். பக்கத்து வீட்டாரோடு உள்ள பகையைத் தீர்க்க அவர் வண்டி மேல் மனு எழுதுவோர் உண்டு. நோயில் விழுந்து மூன்று மாதமாக ஓட்ட முடியாத ஆட்டோக்காரரின் பிழைப்பைப் ‘பழைய இரும்பு’ என்று எழுதிவிடுவோரும் உண்டு. சாலையோர மெக்கானிக்கிடம் பழுதுக்கு நிற்கும் ஸ்கூட்டரும் கைவிட்டதன்று. ஆகவே எழுதுமுன் தெருவில் கேளுங்கள். சக்கரத்தில் காற்றில்லை என்பது மட்டும் சான்றாகாது. உரியவர் கிடைத்தால் முதலில் அவரிடம் பேசுங்கள்.

ஆனால் ஒன்று. நேற்றுவரை இல்லாத முன்பின் அறியாத வண்டி, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் திடீரென்று நின்று, பார்க்கவே ஐயம் தந்தால், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 1993 மார்ச் 12 அன்று மும்பையில் காரிலும் ஸ்கூட்டரிலும் வைத்த குண்டுகள் எத்தனை உயிரைக் குடித்தன என்பதை வரலாற்று மாணவன் மறக்க முடியாது. அப்படிப்பட்ட வண்டியைத் தொடாமல், திறந்து பார்க்காமல், விலகி நின்று 112-க்குச் சொல்வதே முறை.

நாம் செய்யக்கூடியது

1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டில் பிறந்தது நாட்டு நலப்பணித் திட்டம். நம் கல்லூரி நாட்டு நலப்பணி மாணவர்கள் மரம் நடுகிறார்கள், இரத்தம் கொடுக்கிறார்கள். இவ்வாண்டு ஒரு குறிப்பேட்டையும் கையில் எடுக்கலாமே! நூறு மாணவர் தத்தம் தெருவை மட்டும் பார்த்து எழுதினால் போதும். வண்டியின் எண், வகை, நிறம், நிற்கும் தெரு, அருகிலுள்ள கதவு எண் அல்லது மின்கம்ப எண், எத்தனை நாளாக நிற்கிறது, வடிகால் மேலா, பள்ளி வாசலிலா, கதவு பூட்டியிருக்கிறதா, முன்னும் பின்னும் ஒரு படம். இவ்வளவும் இருந்தால் அம்மனுவைத் ‘தெளிவில்லை’ என்று தள்ள முடியாது. வண்டியின் பதிவு நிலையையும் தகுதிச் சான்று முடிந்த நாளையும் மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியிலேயே பார்க்கலாம். உரிமையாளர் பெயரை அது மறைத்தே காட்டும், அது முறையும்கூட. ஆளைத் தேடுவது காவல் துறையின் வேலை.

சென்னை மாநகராட்சி எல்லையில் 1913 என்ற எண்ணிலும், மாநிலமெங்கும் முதல்வர் உதவி மைய எண்ணாகிய 1100-இலும் புகாரைச் சொல்லலாம். சொன்னதும் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றில் சொன்ன சொல். காவல் நிலையத்துக்கு எழுதும்போது 127-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் பார்த்து, ஒன்றும் நடவாவிட்டால், ‘என் மனு மீது எடுத்த நடவடிக்கை யாது?’ என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தாளில் கேளுங்கள். 30 நாட்களில் விடை தர வேண்டும். மனு தவறான மேசைக்குப் போயிருந்தால், இம்முறை அவர்களே அதைச் சரியான மேசைக்கு அனுப்பியாக வேண்டும்.

மனுநீதிச் சோழன் கதையை நாம் நீதியின் கதையாகவே படித்து வருகிறோம். தேர்க்காலில் கன்று மடிந்தது. தாய்ப்பசு மணியை அடித்தது. மன்னன் நீதி வழங்கினான். அதை நான் நிர்வாகத்தின் கதையாகவும் படிக்கிறேன். அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி ஒன்றுதான் இருந்தது. தேருக்கு ஒரு மணி, தெருவுக்கு ஒரு மணி, கன்றுக்கு ஒரு மணி என்று மூன்று மணிகள் மூன்று வாசல்களில் தொங்கியிருந்தால் அந்த வாயில்லாப் பசு எந்த வாசலுக்குப் போயிருக்கும்? படித்த நமக்கே வாசல் தெரியாமல் திகைக்கும்போது, காகிதம் அறியாத எத்தனையோ பேர் மணியை நெருங்காமலே சுற்று வழியில் நடந்துகொண்டிருக்கிறார்கள். மணி ஒன்றாக வேண்டும். அதுவரை, இருக்கும் மணிகள் எல்லாவற்றையும் விடாமல் அடிப்போம், தோழர்களே!